தானாக இறுகிய கயிறு

இந்திராணி டீச்சர் என்னிடம் கேட்டது ஒரேயொரு காரியம்தான். டிசம்பர் விடுமுறையில் நான்கு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேர்த்து ஓரியன்டியரிங் போட்டி நடத்தப் போகிறோம், நீங்கள் வந்து காட்டை வரைந்து தர முடியுமா என்று கேட்டார். கையில் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் அங்கங்கே கட்டியிருக்கும் கொடிகளை வரிசையாகத் தேடிப் பிடிக்கிற ஓட்டப் போட்டி அது. கோயம்புத்தூரில் நான் புவியியல் ஆசிரியை. குளிர்காலம் வந்தால் ஊட்டிப் பக்கத்துக் காடுகளில் பிள்ளைகளை இப்படி ஓடவிடுவது என் பல வருடத்துப் பழக்கம். இந்திராணியை ஓர் இணையவழிப் பயிற்சியில் தெரியும். எல்லோரும் விளையாட்டின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "மழை பெஞ்சா மேப்பு நனைஞ்சி போகுமே, அதுக்கு என்னா செய்யிறது?" என்று கேட்டவர் அவர் மட்டும்தான்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் இலங்கையில் இறங்கி, மலைமேல் றக்வானைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிய பிறகுதான் புரிந்தது. காற்றே இல்லாத மழை, நேர்க்கோடாக விழுந்துகொண்டிருந்தது. வால்பாறை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் எழுதி வைத்திருப்பார்கள். எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டே போகலாம். இங்கே எண்களும் கிடையாது, முடிவும் கிடையாது. ஒரு வளைவில் பஸ் ஏற முடியாமல் பின்னால் வழுக்கியது. கண்டக்டர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கத்தினார். பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்த அம்மா எனக்குத் தமிழில் சொன்னார்: "எடை கூடுனவங்க மொதல்ல எறங்கட்டுமாம்." நானும் அவரும் சேர்ந்தே இறங்கினோம். மழையில் நின்றபடி எனக்கு ஒரு பிடி அவித்த கடலை கொடுத்தார். தேங்காய்ச் சொட்டும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்தது. இன்னும் நாக்கில் இருக்கிறது.

இந்திராணியின் குவார்ட்டர்ஸில் இரவுச் சாப்பாடு ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டசம்பலும். காரத்தில் கண்ணீர் வந்ததும் பிளேன்டீ கொடுத்தார். கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். பாலில்லாத தேநீரை ஊரில் நான் காய்ச்சல் வந்தால்தான் குடிப்பேன். இங்கே மூன்று குவளை குடித்தேன். "சனிக்கெழம போட்டி. நூத்தி இருவது புள்ளைங்க பேர் குடுத்திருக்கு. தோட்டத்துத் தொரைக்கிட்ட பெர்மிஷன் வாங்கவே மூணு மாசம் நடந்தேன்," என்றார் இந்திராணி. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காட்டைப் பார்க்கப் போனோம். தோட்டத்தின் உச்சியில், தொழிலாளர் வீடுகள் பதினொன்று வரிசையாக ஒட்டிய மேட்டு லயம் இருக்கிறது. அதற்குமேல் கொஞ்சம் தேயிலை. அதற்கும்மேல் பைன் மரக் காடு; இங்கே பைனஸ் என்கிறார்கள். வழி காட்ட வந்தவர் மேட்டு லயத்து ராஜேஸ்வரி. கொழுந்து பறிப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். விறகுக்குப் போய்ப் போய் அந்தக் காட்டின் ஒவ்வொரு தடமும் அவருக்குத் தெரியும் என்று இந்திராணி சொல்லியிருந்தார்.

பைனஸ் காட்டில் பறவைச் சத்தம் இல்லை. ஊட்டியிலும் அப்படித்தான், அது எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே கால் சத்தமும் இல்லை. ஊசியிலை மெத்தை மாதிரி குவிந்து, அடியில் நீர் ஊறி, மூன்று பேர் நடந்தும் ஒருவர்கூட நடக்காததுபோல் இருந்தது. மரங்களுக்கு நடுவே கைவிட்டுப்போன தேயிலைச் செடிகள் கவாத்து இல்லாமல் என் தலைக்குமேல் வளர்ந்து, முறுக்கிய கைகளுடன் நின்றன. நடுக்காட்டில் ஒரு பழைய லயம். கூரை கிடையாது, ஒவ்வோர் அறையும் ஒரு வீடாக ஆறு காம்பிராவும் பாசி பிடித்த சுவர்களோடு வரிசையாக நின்றன. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கதவு மிச்சம் இருந்தது. தள்ளினேன். எண்ணெய் போட்டதுபோல் திறந்துகொண்டது. உள்ளே ஒரு பைனஸ் மரம்.

"இங்க இருந்தவங்க எங்கே போனாங்க?" என்று கேட்டேன்.

"கீழ பணிய லயம் கட்டுனப்ப எறங்கிட்டாங்க. எங்க மாமியா காலத்துல," என்றார் ராஜேஸ்வரி. பதில் சொன்னாரே தவிர அவர் கவனம் அங்கே இல்லை. குனிந்து ஊசியிலைகளை ஒதுக்கி, உள்ளங்கையை மண்ணில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் முகம் அது. என்ன என்று கேட்டேன். "ஒன்னுமில்ல டீச்சர்" என்றார்.

புதன்கிழமை கயிறு வாங்க டவுனுக்குப் போனோம். சின்னப் பிள்ளைகளுக்கு வரைபடம் புரியாது. அவர்களுக்காகக் காட்டுக்குள் மரத்துக்கு மரம் கயிறு கட்டி விடுவோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் வழியிலுள்ள கொடிகள் எல்லாம் கிடைக்கும், யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். ஹார்ட்வெயார் கடை ஜவாத் நானாவிடம் நானூறு மீட்டர் நைலான் கயிறு கேட்டதும், "மிஸ், மலையயா கட்டி இழுக்கப் போறீங்க?" என்று சிரித்தார். விஷயம் தெரிந்ததும், "எண்ட மகளும் ஓடுறா. ரோடு சரியில்ல, மேல பஸ் போக ஏலா, நானே கொண்டந்து விடுறன்," என்று கயிற்றையும் எங்களையும் தன் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டார். வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம்.

அன்று மதியத்துக்குள் கயிறு கட்டி முடித்தோம். பழைய லயத்தைச் சுற்றி ஒரு வளையம், மேலே ஒரு ஏற்றம், மறுபடி கீழே. பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டினேன். தொங்கினால் காலில் மாட்டும்.

வியாழக்கிழமை காலையில் பெரிய பிள்ளைகளுக்கான கொடிகளைக் கட்டப் போனபோது, கயிறு அறுந்து கிடந்தது. பழைய லயத்துக்கு மேலே இரண்டு பைனஸ் மரங்களுக்கு நடுவில், வேறெங்கும் இல்லை. காட்டுப்பன்றி இடித்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மண்ணில் குளம்புத் தடம் இல்லை. கத்தியால் வெட்டிய மாதிரியும் இல்லை. நுனி இரண்டும் மெலிந்து நீண்டு பஞ்சாகப் பிரிந்திருந்தன. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று எரிச்சலோடு புதுக் கயிறு கட்டினேன். இந்தத் தடவை யாராவது இழுத்தாலும் அறாமல் இருக்கட்டும் என்று நடுவில் ஒரு சாண் தொங்கும்படி தளர்த்தி விட்டேன். பிறகு கொடிகளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஆரஞ்சும் வெள்ளையுமான பதினாறு கொடிகள்.

திரும்பி வரும்போது மணி இரண்டு. பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரங்கள் கோடுகளாகத்தான் தெரிந்தன. பழைய லயத்தின் அந்தக் கதவுக்கு உள்பக்கம் பையை வைத்திருந்தேன். எடுக்கப் போனால் கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தேன். அசையவில்லை. உள்ளே யாரோ சாய்ந்து நிற்பதுபோல் இறுகியிருந்தது. கூரை இல்லாத வீடு. சுவரேறிக் குதித்தாலும் போகலாம். ஆனால் அப்போது எனக்கு உள்ளே எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

விட்டுவிட்டு, கயிற்றைப் பார்க்க மேலே வந்தேன். காலையில் ஒரு சாண் தொங்கவிட்ட கயிறு நேராக நின்றது. விரலால் தட்டினேன். கம்பி மாதிரி ஒலித்தது. இரண்டு மரத்திலும் என் முடிச்சு அப்படியேதான் இருந்தது. யாரும் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு மரப்பட்டைக்குள் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. எங்கோ காலுக்கடியில், கனத்த துணியை மெதுவாகக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடி.

கத்தினேனா என்று நினைவில்லை. ராஜேஸ்வரி விறகுக் கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கயிற்றைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார்.

"டீச்சர், மெதுவா பின்னுக்கு வாங்க."

"யாரோ கயிற்றை இழுத்து…"

"கயித்த யாரும் இழுக்கல. கீழ இருக்கிற மரம் மண்ணோட போகுது டீச்சர்."

சொல்லிவிட்டு அவர் ஒரு நீண்ட குச்சியை எடுத்து, இரண்டு மரங்களுக்கும் நடுவே ஊசியிலைக்குள் குத்திக் குத்திப் பார்த்தார். நான்காவது குத்தில் குச்சி முழுக்க உள்ளே போய்விட்டது. இலைகளை ஒதுக்கினோம். மண்ணில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. குளிர்ந்த காற்று அதற்குள்ளிருந்து வந்தது. குச்சியால் தேடிக்கொண்டே போனோம். வெடிப்பு மலையை வளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மூட்டத்துக்குள் போனது. முடிவு எங்கே என்று தெரியவில்லை. அதற்குக் கீழே பழைய லயம், என் கயிறு, பாதிக் கொடிகள், தேயிலை, மேட்டு லயத்தின் தகரக் கூரைகள்.

"அரநாயக்கப் பக்கம் எங்கம்மா வூடு," என்றார் ராஜேஸ்வரி. "அங்க மலை சரிஞ்சி வந்தப்ப நான் இங்க கல்யாணம் கட்டி வந்துட்டேன். அதுக்கு மூணு நா முந்தி எங்கம்மா போன்ல சொன்னிச்சி, வூட்டுக் கதவு சாத்த வரல, என்னமோ மண்ணு கிழியிற மாதிரி சத்தம் கேக்குதுன்னு. நான் மழையில பலகை ஊதியிருக்கும்னு சொன்னேன்." விறகுக் கட்டை அங்கேயே விட்டுவிட்டு இறங்கத் தொடங்கினார்.

இந்திராணியிடம் சொன்னபோது அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "மூணு மாசம் ஒவ்வொருத்தர் வாசல்லயும் நின்னேன். நாளன்னைக்கி போட்டி. ஒரு கயித்த வச்சி நிப்பாட்ட சொல்றீங்களா?" என்றார். அவர் அந்த இரவு தூங்கவில்லை என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஓர் அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். வெடிப்பின் இரு கரையிலும் ஒவ்வொரு குச்சி நட்டு, இடைவெளியை அளந்து கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். மூவரும் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தோம். ராஜேஸ்வரி கொண்டுவந்த ரொட்டியை யாரும் பிரிக்கவில்லை. ஒரு மணிநேரம் கழித்து இந்திராணி எழுந்து போய் அளந்தார். மறுபடி அளந்தார். திரும்பி எங்களைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ஒரு விரல் அகலம் கூடியிருந்தது.

அங்கேயே நின்று மாவட்டப் பேரிடர் அதிகாரிக்குப் போன் செய்தார். அவர் சிங்களத்தில் பேசியதில் எனக்கு எதுவும் புரியவில்லை; குரல் மட்டும் வகுப்பெடுக்கும்போது இருக்கும் அதே நிதானத்தில் இருந்தது. வைத்ததும் சொன்னார்: "போட்டோ அனுப்பச் சொன்னாங்க. ரோடு மூடிக் கெடக்கு, அவங்க வந்து சேர நாளைக்கி ஆகும். அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, ஆளுங்கள இப்பவே எறக்குங்கன்னு சொல்றாங்க."

இறக்குவது லேசாக இல்லை. வருஷா வருஷம் மழை பெய்கிறது என்றார்கள் மேட்டு லயத்து ஆட்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சாமானுக்கு யார் பொறுப்பு என்றார்கள். ஒருவர், தன் பசு இன்றோ நாளையோ கன்று போடும், அதை எழுப்ப முடியாது என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துத் துரை ஜீப்பில் வந்து நின்று ஆங்கிலத்தில் என்னிடம், "நீங்கள் மண்ணியல் படித்தவரா?" என்று கேட்டார். இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன் என்றேன். அவர் யோசித்துக்கொண்டு நின்றார். அப்போது ராஜேஸ்வரி தன் வீட்டுக்குள் போனார். ஒரு மூட்டையும் சாமிப் படமும் மகளின் பள்ளிப் பையுமாக வெளியே வந்தார். கதவைப் பூட்டக்கூட இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையில் இறங்கி நடந்தார்.

லயம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதலில் எதிர்வீட்டுப் பெண் அடுப்பில் இருந்த சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக. துரை ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டு, கிழவர் ஒருவரைத் தானே தூக்கி உட்கார வைத்தார். பசுவை ஜவாத் நானாவின் லொறியில் ஏற்ற எட்டுப் பேர் வேண்டியிருந்தது. "மெதுவா, மெதுவா, வயித்துல புள்ள ஈக்குது," என்று நானா கத்திக்கொண்டே இருந்தார். மழையில் இருட்டுவதற்குள் பதினோரு குடும்பமும் எதிர்மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டன. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, பெரிய கிடாரத்தில் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும். போட்டி இல்லை என்று இந்திராணி ஒவ்வொரு பள்ளிக்கும் போன் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சிக்குங்க" என்று முடித்தார்.

சனிக்கிழமை காலையில் மழை விட்டு வெயில் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சிலர் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவளின் பேச்சைக் கேட்டு வீட்டை விட்டோமே என்ற பார்வை. பத்து மணிக்கு இரண்டு பேர் துணி எடுத்து வரப் புறப்பட்டார்கள். துரை பாதையில் ஜீப்பைக் குறுக்கே நிறுத்திவிட்டு, அதிகாரி வரட்டும் என்று மறித்துவிட்டார்.

பதினொரு மணி இருக்கும். மைதானத்தில் நின்று எதிரே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் என் கொடிகள் மூன்று, மரங்களுக்கு நடுவே ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரிந்தன. அந்தப் புள்ளிகள் இடம் மாறின.

சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் தெரிந்தது மரங்கள் நடப்பது. விழவில்லை, சாயவில்லை. நூற்றுக்கணக்கான பைனஸ் மரங்கள் நின்றபடியே, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல், கூட்டமாக மலையிறங்கின. மூன்று ஆரஞ்சுப் புள்ளிகளும் அவற்றோடு இறங்கின. பழைய லயம் இருந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது. பிறகு தேயிலைக்குள் வந்தன. அதற்குப் பிறகுதான் அந்த இரைச்சல், நெஞ்சுக்குள் கேட்டது. மரங்கள் முன்னால் குப்புற விழுந்தன. தூசி இல்லை, சேறுதான். மேட்டு லயத்தில் ஆறு வீடுகள் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

மைதானத்தில் யாரும் அழவில்லை. எண்ணத் தொடங்கினார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்ததும் அடுத்த பேர். பதினோரு குடும்பம், ஐம்பத்துமூன்று பேர். ஐம்பத்துமூன்று பதிலும் வந்தன. அப்போதுதான் ஒருத்தி தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். இந்திராணி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

ரோடு திறந்து ஞாயிற்றுக்கிழமைதான் அதிகாரிகள் வந்தார்கள். என் வரைபடத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு ஆச்சரியம். ஒவ்வொரு பாறையும் ஓடையும் வீடும் அதில் இருந்தன. நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போனதும் லயத்து ஆட்கள் சுற்றி வந்து, வரைபடத்தில் தங்கள் வீட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு ராஜேஸ்வரி வந்தார். வகுப்பறையில் நான் தனியாக இருந்தேன்.

"டீச்சர், நீங்க பாக்காத எடத்த வரைய ஏலுமா?"

"யாராவது சொன்னா வரையலாம்."

"எங்கம்மா வூடு இருந்த எடம். அங்க தேடுனாங்க, ரொம்ப நாள் தேடுனாங்க. எந்த எடம்னு அடையாளம் காட்ட ஆள் இல்ல. தெரிஞ்சவங்க எல்லாம் மண்ணுக்குள்ள. நான் போய் நின்னேன், எனக்கே தெரியல. ஒரு மரமில்ல, ஒரு கல்லில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "தோண்ட சொல்லல டீச்சர். ஒரு காயிதத்துல இருக்கட்டும்."

புதுத் தாள் ஒன்றை மேசையில் விரித்தேன். ராஜேஸ்வரி பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கரும்பலகை ஓரத்தில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"இது ரோடு. பஸ் நிக்கிற எடம்." ஒரு அடி எடுத்து வைத்தார். "எறங்குனா இடது கைப்பக்கம் பீலி. தண்ணி சத்தம் கேக்கும்." ஓடைத் தண்ணீர் கொட்டும் பீலியை வரைந்தேன். அவர் மெதுவாக நடந்தார். பலாமரம். அதன் வேரில் தடுக்காமல் இருக்கக் காலைத் தூக்கி வைத்தார். நாலு படி, வெறும் தரையில் நாலு தடவை ஏறினார். தம்பி நட்ட ரோஜா. துவைக்கிற கல். அது ஈரமாக இருக்கும் என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். பென்சில் தாளில் ஓடும் சத்தமும் அவர் குரலும் தவிர வகுப்பறையில் வேறெதுவும் இல்லை.

சுவருக்கு இரண்டடி முன்னால் நின்றார். கண் மூடியேதான் இருந்தது.

"இது கதவு," என்றார். கையை நீட்டி, அங்கே இல்லாத ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

வரைந்துவிட்டுக் காத்திருந்தேன். வீட்டுக்குள் எத்தனை காம்பிரா, அடுப்பு எந்த மூலை என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே மைதானத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடத் தொடங்கியிருந்தார்கள். ராஜேஸ்வரி அடுத்த அடியை எடுத்து வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.